மூன்று எண்ணும் வரை ஒட்டினால்

ஜூலை 9

என் அருமை மருமகளே,

நான் அப்போதே சொன்னேன். மூன்று சக்கர சைக்கிளை நீ வளைவில் இரண்டு சக்கரத்தில் ஓட்டி, மாடிப்படிக்குக் கீழே இருந்த செருப்பு அலமாரியைச் சாய்த்தாயே, அன்றே உன் அம்மாவிடம், "அக்கா, இது ஒருநாள் ரேஸ் கார்லதான் போய் நிக்கும், எழுதி வெச்சுக்கோ" என்றேன். அவள் எழுதி வைக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் இந்தக் குடும்பத்தில் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

இங்கே நான் திடமாக இருக்கிறேன். காது மட்டும்தான் என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. "போன்ல பேசலாமே மாமா" என்கிறாய். ரேஸ் என்ஜின் பக்கத்தில் நின்ற காது, அம்மா. போனில் யார் பேசினாலும் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கிறது. நீ கடிதமே போடு.

எடை மேடை வேலை நன்றாகப் போகிறது. லாரி வாசலில் திரும்பும்போதே இத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். இயந்திரம் பிறகு ஆமாம் போடும். நேற்று ஒரு லாரிக்கு மட்டும் வேறு எண் காட்டியது. இயந்திரத்தைப் பழுது பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கார் வாங்கிவிட்டாய், சந்தோஷம். டயர் எப்படி? வண்டி எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் ரோட்டைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். இது நான் கண்டுபிடித்தது. என்னைக் கேட்காமல் எதுவும் வாங்காதே.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் விசாரிப்பு.

ரேஸ் கண்ட உன் மாமா


ஜூலை 28

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் சௌக்கியம். அம்மாவின் முட்டி மாடிப்படியில் மட்டும் பேசுகிறது. உங்கள் காதை டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள்.

வண்டிக்குத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறேன். முன்விளக்கு இரண்டும் அப்படித்தான் முழிக்கின்றன. இரண்டே இருக்கை, பழைய வண்டி. முன்பு வைத்திருந்தவர் நான்கையும் மொட்டை டயராக்கிக் கொடுத்திருக்கிறார். வார நாளில் வேலைக்கு, கண்ணாடி லென்ஸ் பட்டறைக்கு, ஓட்டுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்கில் ஓட்டலாம் என்று இருக்கிறேன்.

கடைக்காரர் சொல்கிறார்: சாதாரண ரோடு டயர் போட்டால் மழைக்குப் பயமில்லை, ஆனால் டிராக்கில் நாலு சுற்றில் சூடேறி ஓரம் பிய்ந்துவிடும். டிராக் டயரில் ரப்பர் மெத்தென்று இருக்கும், தண்ணீர் வழிய வெட்டிய பள்ளம் குறைவு. சூடானால் பல்லி மாதிரி ஒட்டும், குளிரிலும் ஈரத்திலும் நம்ப முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதாம், அதைத்தான் போடச் சொல்கிறார். இரண்டு செட் வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம்தான். மூன்றாவது மாடியில் நான்கு சக்கரத்தை எங்கே வைக்க, என் கட்டிலுக்கு அடியிலா?

அம்மா ஒரு சுற்று வந்தாள். "மேஜை டிராயருக்குள்ள உக்கார்ந்த மாதிரி இருக்குடீ" என்றாள். அப்பா இன்னும் ஏறவில்லை. "ரெண்டு பேர் போறதுக்கு இவ்ளோ பெரிய என்ஜினா? நான் பஸ்ல அறுபது பேரை ஏத்திட்டுப் போனவன்" என்கிறார். அறுபது பேரை ஏற்றியவர் என் பக்கத்தில் ஒரே ஒரு தடவை உட்கார மாட்டேன் என்கிறார் மாமா. ஒரு தடவை உட்கார்ந்து "நல்லாத்தான் ஓட்டறே" என்று சொல்லிவிட்டால் போதும் எனக்கு.

எந்த டயர் போட? நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்
உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 11

ரேஸ்காரி மருமகளுக்கு,

உடம்பு நலம், மனசு அதைவிட நலம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. எடை மேடை அறையில் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறார்கள். முழங்கையை ஊன்றி எழுதினால் விரிப்பும் கூடவே எழுந்து வருகிறது.

உன் கடிதத்தை இரண்டு லாரி டிரைவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் இல்லை, என் பக்கம் மட்டும் என்றேன்.

கடைக்காரன் நடு டயர் என்றானா? நடுவில் நிற்கிறவன் இரண்டு பக்கமும் அடி வாங்குவான். அது டயரே இல்லை, சமாதானப் பேச்சு. ஸ்போர்ட்ஸ் காருக்கு ரோடு டயர் போடுவது குதிரைக்குச் செருப்பு மாட்டுகிற கதை. டிராக் டயரையே போடு. தைரியமாகப் போடு.

நான் டிராக்கில் இருந்த காலத்தில் தலைமை மெக்கானிக் ஒருவர் இருந்தார். கண் இரண்டும் பச்சையாக இருக்கும், பூனைக்கண்ணர் என்போம். என்னைக் கேட்காமல் ஒரு நட்டைத் திருப்ப மாட்டார். ஒருநாள் கொட்டுகிற மழை. அதே மாதிரி டயர் போட்ட வண்டியை வீடு வரைக்கும் ஓட்டி வா என்று சாவியை என் கையில் கொடுத்தார். ஓட்டி வந்தேன். ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. பாலத்தின் மேல் ஒரு ஆம்புலன்ஸையே முந்தினேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். டிராக்கில் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறை. சூடேறினால் தானே ஏறிக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்பும் முன் மறக்காமல் அடித்துக்கொள்.

அத்தான் ஏறுவார், விடு. அவருக்கு வண்டி மேல் கோபம் இல்லை. ஸ்டியரிங் இன்னொருத்தர் கையில் இருந்தால் அவருக்கு உட்காரத் தெரியாது, அவ்வளவுதான். நானும் அவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறேனே, டிக்கெட் வாங்கச் சொல்லிவிட்டார் மனுஷன்.

அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

ஆம்புலன்ஸை முந்திய மாமா


அக்டோபர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இங்கே அனைவரும் நலம். பதில் தாமதமானதற்குத் தவளைதான் காரணம்.

டிராக் டயரையே போட்டுவிட்டேன். இரண்டு ஞாயிறு போய்வந்தேன். மாமா, எப்படிச் சொல்வது! முதல் இரண்டு சுற்று முரண்டு பிடித்தது. பிறகு வளைவில் யாரோ கீழேயிருந்து வண்டியைக் கையால் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பட்டறையில் நான் லென்ஸின் ஓரத்தை விரலால் தடவியே சொல்லிவிடுவேன், தேய்த்தது சரியா இன்னும் வேண்டுமா என்று. அதே மாதிரி வண்டியும் எனக்குக் கையில் தெரிந்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், "எங்க மாமா சொன்ன டயர்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனால் இப்போது காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னல் வரை வண்டி வெண்ணெய் மேல் போகிற மாதிரி இருக்கிறது. கடைக்காரர், குளிர் காலத்துக்கு வேறு செட் போட்டே ஆகவேண்டும் என்கிறார். மாற்றிவிடட்டுமா? மாற்றாவிட்டால், டயர் பிடிக்குமா பிடிக்காதா என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? உங்கள் பூனைக்கண்ணர் என்ன செய்வார்?

அப்பா நேற்று தவளையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு சக்கரத்தைக் காலால் லேசாக உதைத்தார். அப்படியே மாடி ஏறிப் போய்விட்டார். ஆனால் உதைத்தார்!

அன்புடன்
உங்கள் மருமகள்


அக்டோபர் 20

மருமகளே, மகாராணியே,

உன் கடிதம் கண்டு இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டேன். சளி பிடித்திருந்தது, அதுவும் போய்விட்டது. அத்தான் டயரை உதைத்தாரா? முடிந்தது கதை. பஸ்காரன் உதைத்தான் என்றால் பாதி ஏறிவிட்டான் என்று அர்த்தம்.

எதற்கு மாற்ற வேண்டும்? கடைக்காரனுக்கு விற்க வேண்டும், அவன் அப்படித்தான் சொல்வான். நீ கேட்டது நல்ல கேள்வி. உலகத்தில் இதற்கு விடை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பூனைக்கண்ணர். இன்னொருவர் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

உள்ளங்கைச் சோதனை என்று பெயர். கவனமாகக் கேள். கிளம்பும் முன் டயர் பக்கத்தில் குனிந்து உட்கார். கையுறை கூடாது. வலது உள்ளங்கையை ரப்பர் மேல் முழுசாக வைத்து அழுத்து. மனதுக்குள் மூன்று எண்ணு. பிறகு கையை எடு. தோல் கொஞ்சம் ஒட்டி, விடமாட்டேன் என்று இழுத்தால், டயர் தயார். பயமில்லாமல் போகலாம், மழையோ குளிரோ. கை சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்குப் பஸ்ஸில் போ.

பூனைக்கண்ணர் இதை யாருக்கும் சொன்னதில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து டயர் மேல் வைத்து, "கருவி பொய் சொல்லும்டா, கை சொல்லாது" என்றார். உனக்கு லென்ஸ் தடவின கை. என்னைவிட உனக்கு நன்றாகவே வரும்.

இதைக் கடைக்காரனிடம் சொல்லாதே. தொழில் ரகசியம்.

அக்கா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா?

இரண்டே பேரில் ஒருவனான மாமா


நவம்பர் 17

அன்புள்ள மாமாவுக்கு,

சளி மறுபடி வரவில்லையே? இங்கே நலம். அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள், கூடவே உங்களைத் திட்டவும் செய்கிறாள்.

தினமும் காலையில் உள்ளங்கைச் சோதனை நடக்கிறது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் பால்கனியில் நின்று, "என்னம்மா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்கிறார். பெரும்பாலும் ஒட்டுகிறது. ஒரே ஒரு நாள் ஒட்டவில்லை, பஸ்ஸில் போனேன். வேறு செட் வாங்கவில்லை.

பெரிய செய்தி. அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி. லென்ஸை நானே தேய்த்தேன். பொருத்திப் பார்க்கப் பட்டறைக்கு வரவேண்டும், "பஸ்ல போலாமாப்பா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏன், உன் தவளைக்கு என்ன ஆச்சு?" என்றார்!

அடுத்த மாதம் முதல் வாரம். உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அன்புடன்
உங்கள் மருமகள்


டிசம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவைப் பட்டறைக்கு அழைத்துப் போன அன்று தூறலாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ரவுண்டானாவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிட்டது. வேகம் அதிகமில்லை. அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் விளக்குக் கம்பத்தில் மோதியது. இடது முட்டியில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. நடக்க நாளாகும் என்கிறார்கள். எனக்கு அடி இல்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஜனவரி 4

அன்பு மருமகளுக்கு,

கடிதத்தை லாரி ரசீதுகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். அத்தான் எப்படி இருக்கிறார்? முட்டி பெரிய விஷயமே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு டிரைவருக்கு இரண்டு முட்டியும் போய், இப்போது கால்பந்து ஆடுகிறார்.

அன்று காலை இங்கே டீ கிளாஸ் தானாக விரிசல் விட்டது. என்னமோ நடக்கப் போகிறது என்று அப்போதே சொன்னேன், ஆள் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

அந்த ரவுண்டானா சரியில்லை. ரோடு போட்டவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும். உன் வண்டியின் பிரேக்கும் சந்தேகம்தான். முன்பு வைத்திருந்தவன் மொட்டை டயரோடு விற்றவன், பிரேக்கை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பானா?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அன்று உள்ளங்கை வைத்துப் பார்த்தாயா? அப்பா வருகிற அவசரத்தில் மறந்திருப்பாய். அல்லது குளிருக்குக் கையுறையோடு வைத்திருப்பாய். அல்லது இரண்டு எண்ணிவிட்டு எழுந்திருப்பாய். முறையாகச் செய்திருந்தால் அது பொய்க்காது. பூனைக்கண்ணர் கையில் ஒரு நாளும் பொய்த்ததில்லை. சரி, போனது போகட்டும். சின்னப் பெண்தானே, உன்னை யார் குறை சொல்லப் போகிறார்கள்?

அத்தான் நடந்த உடனே எழுது.

மாமா


பிப்ரவரி 2

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். என் கடிதம் வந்து சேர்ந்ததா? தபாலில் இப்போதெல்லாம் எதுவும் ஒழுங்கில்லை.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவன், அதில் பழுதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிளம்பி வரலாம் என்றுதான் பார்க்கிறேன். லீவு கேட்கவில்லை இன்னும். நீ வா என்று ஒரு வரி போட்டால் கேட்பேன். அக்காவையாவது எழுதச் சொல். அத்தானின் கால் எப்படி?

மாமா


பிப்ரவரி 19

மச்சினனுக்கு,

நலம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், உனக்குத் தெரியும். உன் அக்காவை எழுதச் சொன்னேன். "நான் எழுதினா அவன் தாங்கமாட்டான்" என்றாள். அதனால் நானே எழுதுகிறேன்.

கிளட்ச் மிதித்த கால் இனிமேல் மடங்காது. ஊன்றுகோலோடு தெருமுனை வரை போய்வருகிறேன். அது எனக்குப் பெரிசில்லை. ஓய்வு பெற்றவனுக்குக் கிளட்ச் எதற்கு?

உன் ஜனவரிக் கடிதத்தை உன் மருமகள் படித்தாள். படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தாள். அன்றிலிருந்து இன்று வரை அது அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் கையுறை போடவில்லை. அவசரப்படவும் இல்லை. நான் பக்கத்தில் குடையோடு நின்றேன். ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, நாலு டயரிலும் கை வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்ணினாள், கூடவே நானும் எண்ணினேன். "ஒட்டுதுப்பா, மாமா சொன்ன மாதிரியே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குத் தெரியும் மச்சான். முதல் தூறலில், அந்தக் குளிரில், அந்த டயரில் போகக்கூடாது என்று முப்பது வருஷம் ரோட்டில் இருந்தவனுக்குத் தெரியாதா? "பஸ்ல போலாம்மா" என்று சொல்ல வாய் வரை வந்தது. அத்தனை மாதம் வீம்பு பிடித்துவிட்டு முதல் நாளே தடை சொல்ல மனசு வரவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். ரவுண்டானா வரைக்கும் நன்றாகத்தான் ஓட்டினாள். அதையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

இப்போது அவள் கை அவளுக்கே ஆகாமல் போய்விட்டது. லென்ஸை விரலால் தடவிச் சொன்னவள், ஒவ்வொன்றையும் கருவியில் நாலு தடவை வைத்துப் பார்க்கிறாளாம். வேலை தேங்கியதில் தேய்க்கிற இடத்திலிருந்து பாக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். "என் கைதாம்ப்பா தப்பு சொல்லிடுச்சு, மாமாவுக்கு ஒருநாளும் அப்படி ஆகலியே" என்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

உன் காது எந்த மில்லில் போனது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்தே தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. உன் வாய் உனக்கு ஒரு சொத்து, அதில் நான் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று விட்டேன். இதிலும் நான் கை வைக்கமாட்டேன். அந்த மெக்கானிக் அப்படிச் சொன்னாரா இல்லையா என்று எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

அத்தான்


மார்ச் 2

மருமகளே,

அத்தான் ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்கிறார்? அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நானாகச் சொல்லவில்லை, இங்கே வரும் ஒரு டிரைவரின் மகள் நர்ஸ், அவளிடம் கேட்டு எழுதுகிறேன். இருந்தாலும் டாக்டர் சொன்னபடியே செய்யச் சொல். அக்கா முட்டிக்கும் அப்படியே.

இதைப் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில், பூனைக்கண்ணர் கடைசிக் காலத்தில் எனக்கு ஆள் அனுப்பி, அந்தச் சோதனை குளிருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனார். படித்தால் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

பூனைக்கண்ணர் நிஜம். டிராக்கும் நிஜம். இரண்டு வருஷம் அங்கே டயர் ஏற்றிய தள்ளுவண்டி தள்ளினேன், இதை யார் கேட்டாலும் சொல்வேன். அவர் டயரில் ஊசி மாதிரி ஒரு கருவியைக் குத்தி, சூட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். கருவி இல்லாமல் அவர் எதையும் சொல்லிக் கேட்டதில்லை. என்னிடம் அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "நகரு." சாவியெல்லாம் கொடுக்கவில்லை. மழையில் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன். ஆம்புலன்ஸ்தான் எங்களை முந்தியது. காது விஷயத்தை அத்தானிடம் கேள், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நீ மூன்று எண்ணினாய். நாலு டயருக்கும் எண்ணினாய். அத்தான் குடை பிடித்துக்கொண்டு கூடவே எண்ணியிருக்கிறார். நீ முறையாகத்தான் வைத்தாய். ஜனவரியில் நான் எழுதியது உன் கைப்பையில் இருக்கிறதாம். அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு இதை வைத்துக்கொள். நாளைக்கே போய், தேய்க்கிற இடத்தைத் திருப்பிக் கேள். பாக்கிங்கில் உனக்கு என்ன வேலை?

வா என்று நீ எழுத வேண்டாம். லீவு கேட்டுவிட்டேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். வாசலில் நிற்கத் தெரியும் எனக்கு.

உன் அக்டோபர் கடிதம் வந்த அன்று மதியம் லாரி ஒன்றும் இல்லை. கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எழுத ஒரு வரி போதும். எங்க மாமா சொன்ன டயர் என்று நீ டிராக்கில் சொல்லிக்கொண்டதை அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் படித்திருந்தேன். பேனாவைத் திறந்து, எழுதாமல் மூடி வைத்தேன். வலது கை மேஜை மேல் இருந்தது. அந்த அறையில் டயர் எதுவும் இல்லை. மேஜையின் பிளாஸ்டிக் விரிப்பு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். மூன்று எண்ணிவிட்டுக் கையை எடுத்தேன். விரிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத்தான் உனக்கு எழுதினேன்.

மாமா